கேன்டீன் மேசையில் நான் சொன்னது

சின்னவனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே நீயும் உன் காலும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் வேறு வேண்டுதல் கிடையாது. போனில்தான் வாரம் தவறாமல் பேசுகிறோமே, திடீரென்று எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ இரண்டு நிமிடத்தில் "சரிப்பா, பஸ் வந்துடுச்சுப்பா" என்று வைத்துவிடுவாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். பதினோரு மாதமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். எழுதி ஒட்டித் தபாலில் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதற்காகவே எழுதுகிறேன். அம்மாவுக்கு வலது தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் அவதி. அக்காதான் காலையில் வந்து தலை வாரி விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறாள். அவளுடைய மூத்தவன் பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து முன்பல் பாதியை உடைத்துக்கொண்டான், சிரித்தால் உன்னைப் போலவே இருக்கிறான். மாடி வீட்டுக் குழாய் ஒழுகி உன் அறைச் சுவர் முழுக்க ஊறிவிட்டது, எத்தனை தடவை சொன்னாலும் மேல்வீட்டுக்காரர் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்கிறாரே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை. எனக்கு டிப்போவில் இன்னும் பதினான்கு மாதம் சர்வீஸ் இருக்கிறது. இப்போதெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் படுத்து பிரேக் வேலை பார்ப்பது எனக்கு நிம்மதியாக இருக்கிறது, அங்கே யாரும் வந்து பேச்சுக் கொடுப்பதில்லை.

போன சீசன் முடிய ஆறு ஆட்டம் இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். உன் ஒப்பந்தம் முடியப்போகிறது, பெரிய கிளப் உனக்கு மூன்று வருஷம் தருவதாக வாய்ச்சொல் கொடுத்துவிட்டது, சீசன் முடிந்து உடல் பரிசோதனை, அதன் பிறகு கையெழுத்து என்று ஊருக்கே தெரியும். எங்கள் கேன்டீனில் வேறு பேச்சே இல்லை. ஜன்னல் ஓர மேசையில் ஸ்டோர் கீப்பர், எலக்ட்ரீஷியன், டயர் செக்‌ஷன் பெரியவர், நான், நாலு பேரும் இருபது வருஷமாக உட்கார்ந்து கால்பந்து பேசுகிறவர்கள். எலக்ட்ரீஷியனுக்கு வக்கீல் என்று பட்டப்பெயர், எந்தப் பக்கம் ஆள் குறைவோ அந்தப் பக்கம் நின்று வாதாடுவான். ஸ்டோர் கீப்பர் ரேடியோ, அணைக்கும் பொத்தான் கிடையாது. ரசிகர் மன்றத்தின் போன் குழுவில் நாலாயிரம் பேருக்குச் செய்தி வாசிப்பதும் அவர்தான். அன்றைக்கும் நான் தட்டை வைத்துவிட்டு உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். "காண்ட்ராக்ட் முடிஞ்சா சும்மாவே கிளம்பிடுவான், நம்ம கிளப்புக்கு ஒத்தப் பைசா வராது, போன வருஷமே வித்துத் தொலைச்சிருக்கணும்" என்றார் டயர்க்காரர். வக்கீல், "இருபத்தெட்டு வயசு, வேகத்தை நம்பி ஆடற ஆளு, அவனுக்கு மூணு வருஷம் குடுக்கறவனுங்கதான் ஏமாளி, போகட்டும் விடுங்க" என்றான். இதெல்லாம் எனக்குப் பழக்கம். நான் இருக்கிறேன் என்பதற்காகக் குரலைக் குறைப்பார்களே தவிரப் பேச்சைக் குறைக்க மாட்டார்கள். ஆனால் ரேடியோ சாவகாசமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, "கடைசி ஆறேழு மேட்சா அவன் ஓடவே இல்லப்பா, புது கிளப்புக்காகக் காலைப் பத்திரமா வச்சுக்கறான், நம்ம டிக்கெட் காசுல ரெஸ்ட் எடுக்கறான்" என்றார்.

அதற்கு மூன்று வாரம் முன்னால் நீ சமையலறையில் நின்றபடி எங்களிடம் சொன்னது நினைவிருக்கிறதா? முட்டி ஜவ்வில் சின்னக் கிழிசல், வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறேன், கிளப்பில் காலைப் பார்க்கிற பிசியோவுக்கும் மேனேஜருக்கும்தான் தெரியும், சீசன் முடிந்து ஆறு வாரம் ஓய்வெடுத்தால் பரிசோதனைக்குள் சேர்ந்துவிடும் என்று பிசியோ சொல்லியிருக்கிறார், அதுவரை இது வீட்டைத் தாண்டக் கூடாது என்றாய். அம்மா உன் முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்தத் தலையை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். "ரெஸ்ட் எடுக்கறானா? கிழிஞ்ச ஜவ்வோட, ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி ஊசி போட்டுக்கிட்டு ஆடறான்யா எம் பையன், உங்க கிளப்புக்காக" என்று கத்தினேன். கேன்டீனே திரும்பிப் பார்த்தது. எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் ஜெயித்துவிட்ட மாதிரி கை கழுவப் போனேன். சாயங்காலத்துக்குள் ரேடியோ நாலாயிரம் பேருக்கும் போட்டுவிட்டார். என் பெயரைப் போடவில்லையாம், "நம்பத்தகுந்த வட்டாரம்" என்று போட்டாராம். பிற்பாடு அதைச் சொல்லி, எனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்ட தோரணையில் தோளைத் தட்டினார்.

அதற்குப் பின்னால் நடந்தது நீ அனுபவித்தது, நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய கிளப் உடனே ஸ்கேன் கேட்டது, பார்த்தது, கையை உதறிவிட்டது. நம் கிளப்பும் கொடுக்க இருந்த ஒரு வருஷ நீட்டிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஊசி போட்டு இறக்கிவிட்ட அதே மேனேஜர், உடல்நிலை உறுதியில்லாத ஆட்டக்காரர் மீது கிளப் துணிந்து இறங்க முடியாது என்று பத்திரிகைக்காரர்களிடம் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு, பெயர் கூட வாயில் நுழையாத ஒரு குளிர்ப் பிரதேசத்துக்கு, மாதாமாதம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் போய்ச் சேர்ந்தாய். இருபத்தெட்டு வயதில் மூன்றாவது டிவிஷன். எப்படியும் பரிசோதனையில் தெரிந்துதானே இருக்கும் என்று வக்கீல் ஒருநாள் எனக்கு ஆறுதல் சொன்னான், அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் தூங்கினேன். கடைசி ஆட்டத்துக்கும் பரிசோதனைக்கும் நடுவில் அந்த ஆறு வாரம் இருந்தது என்பது எனக்குத் தெரியாதா என்ன.

உன்னை விட மோசமாகப் போனது பிசியோவுக்கு. மேனேஜர் வாயைத் திறக்கப் போவதில்லை, வீட்டார் சொல்ல மாட்டார்கள், மூன்றாவது ஊசி வேண்டவே வேண்டாம் என்று உன்னோடு சண்டை போட்டவர் அவர்தான், அப்படியானால் அவராகத்தான் இருக்கும் என்று நீ முடிவு கட்டினாய். கிளப்பும் அதையே முடிவு கட்டி, ஆட்டக்காரர் ரகசியத்தை வெளியிட்டதாக எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பியது. அன்று இரவு சாப்பிடும்போது நீ, "கூடவே இருந்து கழுத்தறுத்துட்டாம்ப்பா" என்றாய். உன் எதிரில் உட்கார்ந்து நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு இருக்கிற வேதனையில் இதுவும் எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது பொய். என் பிள்ளை என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

போன மாதம் அம்மாவின் தோளுக்கு டாக்டர் பயிற்சி எழுதிக்கொடுத்தார். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் மருந்துக் கடைக்கு மேல் ஒரு சின்னக் கிளினிக், இரண்டு கட்டில், ஒரு திரை, சுவரில் மாட்டிய ஒரு கப்பி. திரையை விலக்கிக்கொண்டு வந்தது உன் பிசியோதான். இளைத்துப் போயிருக்கிறார், தாடியில் பாதி நரைத்துவிட்டது. ஒரு கணம் தயங்கினார், அப்புறம் "வாங்கம்மா, உக்காருங்க" என்று அம்மாவின் கையை மெல்லப் பிடித்து, வலிக்கிற இடத்துக்கு முன்பே நிறுத்தி நிறுத்தித் தூக்கினார். முடிகிற நேரத்தில் என் பக்கம் திரும்பாமல், "தம்பி கால் எப்படி இருக்கு? குளிர்ல உடம்பு சூடாகாம ஓட வேணாம்னு சொல்லுங்க, அந்த முட்டி தாங்காது" என்றார். படி இறங்கிக் கீழே வந்ததும் அம்மா, "நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?" என்றாள். செய்தி பரவிய முதல் நாளே, என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது, பதினோரு மாதமும் நானே சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளும் என்னோடு சேர்ந்து குற்றவாளி ஆகிவிட்டதாகச் சொல்லி அந்த நிறுத்தத்திலேயே அழுதாள். உன் அம்மா தெருவில் அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் போனேன். கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு வார்த்தை விடவில்லை. அவர் விரிப்பின் நாலு முனையையும் செருகி முடித்தார். அடிப்பார், திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். நிதானமாக, "அஞ்சு கிளப்புக்கு எழுதிப் போட்டேன் சார். எல்லா இடத்துக்கும் எனக்கு முன்னாடி அந்தப் பேரு போய் நிக்குது, ரகசியம் காக்காத ஆளுன்னு. என் வேலைக்கு அந்த ஒரு பேரு போதும், முடிஞ்சுது" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "உங்கள நான் என்ன சொல்ல, பெத்தவரு, பையனைச் சொன்னா பொறுக்கல, கத்திட்டீங்க. ஆனா உங்க பையன் ஒரு தடவை எங்கிட்ட கேட்டிருக்கலாம். நீங்களா சொன்னீங்கன்னு ஒரே ஒரு தடவை. ஏழு வருஷம் அவன் காலை என் மடியில வச்சுப் பாத்திருக்கேன். கேக்கவே இல்ல சார்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து நடந்ததை முழுதும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவரிடம் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு கிளப் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு மணி நேரம் காக்க வைத்து, மேனேஜர் நின்றுகொண்டே படித்தார். "இப்ப எதுக்கு சார் இதெல்லாம், அந்த இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு, பழசைக் கிளறினா உங்க பையன் பேருதான் மறுபடி நாறும்" என்று மேசை டிராயரில் போட்டு மூடினார். அதோடு விடவில்லை நான், அடுத்த நாள் மத்தியானம் கேன்டீனில் எழுந்து நின்று, பிசியோ சொல்லவில்லை, சொன்னது நான், அவர் பெயரைக் கெடுத்தது நாம் என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். பிறகு வக்கீல், அப்படியானால் கிளப் அவரைத் திரும்ப எடுக்க வேண்டுமா கூடாதா என்று ஆரம்பித்தான். ஒருவர் எடுக்கணும் என்றார், ஒருவர் இப்போதிருக்கிறவர் நன்றாகத்தானே இருக்கிறார் என்றார். பத்தாவது நிமிடம் பேச்சு உன் இடத்துக்கு வந்த புதுப் பையனின் கணுக்காலுக்குப் போய்விட்டது. வீங்கியிருக்கிறதாம், நாலு வருஷ ஒப்பந்தம் கொடுத்தது தண்டமாம். ரேடியோ போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். அந்தப் பையனுக்கும் ஒரு அப்பன் எங்கேயோ இருப்பான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நம் பழைய கோல்கீப்பருக்குத் தோள் விலகியபோது, "பிரேக் லைனிங் தேஞ்சுபோச்சு, கழட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்க" என்று இதே மேசையில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தவன் நான்தான். என் வீட்டுக்கு வரும் வரை அது எனக்கு வெறும் விளையாட்டுப் பேச்சு. இப்போது மேசை மாறி உட்காருகிறேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், உன் சுபாவம் அது, எனக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கக் கூடாது. கோபப்படு, வருஷக்கணக்கில் பேசாமல் இரு, நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் உன் மேலும் எனக்கு ஒரு கசப்பு இருக்கிறது, அப்பன் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். பழி அவர் மேல் போய்விட்டது, என் மேல் வரவில்லையே என்று நான் ஒளிந்துகொண்டேன், நீ ஒரு தடவை கூடக் கேட்காமல் ஒரு மனுஷனைத் தூக்கிப் போட்டாய். ஏழு வருஷம் தெரிந்தவர் விஷயத்தில் நாமும் ரசிகர்கள் மாதிரிதான் நடந்துகொண்டோம். அவர் உன் போன் நம்பரை என்னிடம் கேட்கவில்லை, நானாகவும் கொடுக்கவில்லை. நீதான் பேச வேண்டும். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், கிளினிக் நம்பர் அதன் பின்பக்கத்தில் இருக்கிறது.

உன் கால்கள் நோவில்லாமல் இருக்கட்டும், அங்கே உன்னை நம்புகிற நாலு பேர் கிடைக்கட்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. அம்மா தனியாக ஒரு வரி எழுதச் சொன்னாள், கை வலிக்கிறதாம், சாப்பிடாமல் பயிற்சிக்குப் போகாதே என்கிறாள். கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் அவருக்குச் செய். இங்கே மாலை ஐந்து மணிக்கு மேல் கிளினிக்கில் நோயாளிகள் வருவதில்லை, தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா