வெள்ளைக் கையுறையோடு தோட்டா போட்ட கதை

அன்புள்ள தங்கை வெர்டி,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சொல்லச் சொல்ல விடுதிக்கார இர்மா இதை எழுதுகிறாள். நான் நலம். வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் நசுங்கியது, பயப்படாதே.

இராணுவக் கல்லறையில் புல் வெட்டுவதோடு, அடக்கத்தின்போது மரியாதைக் குண்டு சுடும் ஏழு கிழவர்களில் நானும் ஒருவன் அல்லவா? கொரியாவில் தூக்கிய அதே ரகத் துப்பாக்கிதான். எட்டுத் தோட்டா கோத்த பட்டையை மேலிருந்து அழுத்தியதும் இரும்புப் பூட்டு எலிப்பொறி போலப் பாய்ந்து மூடும். உள்ளங்கை ஓரத்தால் பூட்டின் கைப்பிடியைத் தடுத்துக்கொண்டேதான் விரலை எடுக்க வேண்டும். வெறுங்கையில் எனக்கு இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. எங்கள் குழுவின் புதுத் தலைவன் பிரெண்டிஸ் வெள்ளைக் கையுறையோடு போடச் சொன்னான்.

"வழுக்கும்ப்பா" என்றேன்.

"சாவு வீட்டுக்காரங்க பாக்குறாங்க பெரிசு, அழகா இருக்கணும்" என்றான்.

கைப்பிடி வழுக்கியது.

உடனே, "கை நடுங்குற கிழவனுக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்று சனிக்கிழமைப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டான். சனிக்கிழமை யாருக்கு அடக்கம் தெரியுமா? நம் லாயலுக்கு! கொரியாப் பனியில் என்னை முதுகில் சுமந்தவனுக்கு!

"நடுங்கலடா! நீ மாட்டிவிட்ட துணிதான் வழுக்குச்சு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். மற்ற ஆறு பேரும் கையுறையைக் கழற்றி அவன் மேசையில் எறிந்தார்கள். என் பெயரை அவன் இன்னும் திரும்ப எழுதவில்லை.

ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. போட்டுவிட இங்கே யார் இருக்கிறார்கள்? கொக்கி வைத்த நீலச் சட்டையை உடனே அனுப்பு. இடது கையால் தோட்டா போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவன் சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி, லாயலுக்கு நான் சுடுவேன். வெறுங்கையால் சுடுவேன்.

இர்மாவுக்கு அடுப்பில் வேலை இருக்கிறதாம்.

உன் ஹோபர்ட்