தீ வேண்டாமென்று கொடுத்த புகையிலை

என் சேக்காளி,

இன்று காலை பட்டாசுக் கம்பெனி வாசலில் சோதனை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரின் சட்டைப்பையைத் தடவினேன். தீப்பெட்டி இல்லை, புகையிலைப் பொட்டலம் இருந்தது. "அதுல தீ ஒண்ணும் பிடிக்காதுண்ணே" என்றார். அந்த நெடி மூக்கில் ஏறியது. உன் வாயில் வீசிய நெடி. அதை உனக்குப் பழக்கியவன் நான்.

மருந்து கலக்கும் அறைக்குப் பின்னால் நீ பீடி பற்றவைத்ததைப் பார்த்து ஓடி வந்தேனே, நினைவிருக்கிறதா? ஒன்றாகப் படித்தவர்கள்தான், ஆனால் அங்கே நான் போர்மேன். "ஏலே, ஒரு பொறி பறந்தா அம்புட்டுப் பேரும் போயிருவோம்லே!" என்று பீடிக்கட்டைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். மறுநாள் நானே கடையில் புகையிலை வாங்கி உன் கையில் வைத்தேன். "இதை வாயில ஒதுக்கிக்க. தீயுமில்ல, புகையுமில்ல." நீ சிரித்தாய். "போர்மேன் சொன்னா சரிதாம்லே." பட்டாசு வேலை பார்க்கிற நமக்குத் தீ ஒன்றுதான் எமன். வேறெதற்கும் பயப்பட நாம் பழகவில்லை.

பல வருஷம் கழித்து, கன்னத்தின் உள்ளே வெள்ளை படிந்திருப்பதைக் காட்டினாய். "காரம் பட்டா எரியுதுலே. மதுரைல காட்டிட்டு வந்துருதேன்." "சீசன் நேரம்லே, தீபாவளி லோடு ஏறட்டும்" என்றேன். என்ன மனுஷன் நான்!

கடைசியில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அது புற்றுநோய் என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்கள். செல்லுக்கு 'வளர்' என்று வெளியிலிருந்து சேதி வருமாம். செல்லின் மேலே இருக்கும் புரதம் அதை வாங்கி, அடுத்தடுத்ததிடம் கைமாற்றி உள்ளே சேர்க்குமாம். வேலை முடிந்ததும் 'போதும்' என்று இன்னொரு சேதி நிறுத்திவிடும். புகையிலையின் நஞ்சு மரபணுக்களைக் கெடுத்ததில், உன் கன்னத்துச் செல்களுக்குள் யாரும் சொல்லாமலே 'வளர்' ஓடிக்கொண்டிருந்ததாம். விரலை எடுத்த பிறகும் அடித்துக்கொண்டேயிருக்கிற காலிங் பெல் மாதிரி. 'போதும்' சொல்ல வேண்டியது செத்தே போயிருந்ததாம்.

"இவருக்கு இதை யார் பழக்கினாங்க?" என்று கேட்டார்கள்.

"தெரியலம்மா" என்றேன்.

நீ கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். வாய் திறக்க முடியாத நீ என்னைப் பார்த்தாய். பிறகு, நான் சொன்னது சரி என்பதுபோல டாக்டரிடம் தலையாட்டினாய். கடைசிவரைக்கும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

உன் காரியத்தன்று உன் வீட்டுக்காரி என்னைக் கும்பிட்டாள். "நீங்க பீடிய விட வச்சதாலதாம்ண்ணே இம்புட்டு நாளாவது எங்ககூட இருந்தாக." புகையிலை வாங்கிக் கொடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்லவில்லை. இப்போதும் எங்கே பார்த்தாலும் கும்பிடுகிறாள். நானும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.