எஸ்தரின் துப்பாக்கிக்குக் காற்று

12 அக்டோபர் 1991, சனி. ஸ்ரீபெரும்புதூர்.

மகள் எஸ்தர் நாளைக் காலை புனேயிலிருந்து வருவதாக எழுதியிருக்கிறாள். கல்யாணமாகிப் போன இந்த இரண்டு வருடத்தில் இதுதான் முதல் வருகை. அவள் சுட்டுப் பழகி, விட்டுப்போன காற்றுத் துப்பாக்கியில் காற்று நிரப்பி வைக்க நினைத்தேன்.

எங்கள் கம்பெனி வெல்டர் கோபால் உதவுகிறேன் என்று ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வந்து நின்றான்.

"இது வேணாம்ப்பா. உள்ள துளி எண்ணெய் இருந்தாலும் வெடிச்சிடும்."

"இன்னா சார், ஆஸ்பத்திரில இதத்தான மூக்குல வெச்சிகினு கீறாங்கோ?"

நோயாளியின் மூக்குக்கு யாரும் இருநூறு பார் அழுத்தம் கொடுப்பதில்லை என்றேன். நோயாளிக்காக அவன் வருத்தப்பட்டதுபோல் தெரிந்தது.

பிறகு கம்பெனித் தீயணைப்புப் பிரிவில் கேட்டு, புகைக்குள் போகிறவர்கள் முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரை வாங்கி வந்தேன். துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்த்து, முனையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஹோஸை மாட்டி, சிலிண்டர் வால்வை மெல்லத் திறந்தேன். துப்பாக்கியின் அழுத்தமானியில் முள் இருநூறைத் தொட்டதும் மூடினேன். துப்பாக்கியில் பொறித்திருக்கும் அளவு அதுதான்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சார். பாப்பா ரெண்டு வருசம் கழிச்சி வருது."

அதற்காக அளவு மாறாது என்று சொல்லி, ஹோஸில் தங்கிய காற்றை வெளியே விட்ட பிறகே கழற்றினேன்.

போன கிறிஸ்துமஸுக்கும் வருவதாக எழுதினாள். அப்போதும் நிரப்பினேன். ஈஸ்டர் வரை முள் அசையவில்லை. நல்ல துப்பாக்கி. கடைசியில் நானே தகர டப்பாக்களைச் சுட்டுக் காலி செய்தேன்.

இந்த முறை முள் நாளை மாலைக்குள் இறங்கிவிட வேண்டும்.