இடது பூட்ஸின் முனை

அன்புள்ள பார்னபிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் நலமா என்று கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போவது வழக்கம். இம்முறை அந்தக் கேள்வியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. தொலைபேசியில் கேட்டால் "நல்லாத்தான்ப்பா இருக்கேன், அடிலெய்ட்ல வெயில் கொளுத்துது" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நேற்றிலிருந்து எடுப்பதும் இல்லை. இங்கே கவுண்டி அணியில் உன்னோடு ஆடும் விக்கெட் கீப்பர், உன் நண்பன் கிட், அடிலெய்டில் உன் கிளப்பிலேயே ஆட நாளை விமானம் ஏறுகிறான் என்று அறிந்து, அவன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை அவன் உன் எதிரிலேயே நிற்பான், அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

இங்கே உறைபனி. தேவாலயக் கூடத்தில் பழைய பொருள் விற்பனை வைக்கிறார்கள் என்று அம்மா உன் அறையை ஒழித்தாள். போன பருவத்தில் நீ பந்து வீசிய பூட்ஸைச் சேறு தட்டித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். வலது பூட்ஸின் முனை தேய்ந்திருந்தது. பந்தை விடும் கணத்தில் தரையில் இழுபடும் கால் அது, தேயத்தான் வேண்டும். இடது, முன்னால் வந்து ஊன்றும் கால். பெருவிரல் நகம் இடிபடாமலிருக்க நீ கத்தியால் வெட்டிய ஓட்டை அதில் இருந்தது. அந்த ஓட்டைக்குக் கீழே அடித்தோல் சாய்வாகத் தேய்ந்து, முன் ஆணிகள் இரண்டும் மழுங்கிக் கிடந்தன. ஓங்கி ஊன்றும் கால் அந்த இடத்தில் தேய வழியே இல்லை. நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் உரசிக்கொண்டு போனால்தான் தேயும். முப்பது வருஷமாக முதுகெலும்பில் நரம்பு நசுங்கிய நாய்களின் பின்னங்கால் நகங்களில் இதே தேய்மானத்தைப் பார்த்து வருகிற கால்நடை மருத்துவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. செப்டம்பரில் கடைசி ஆட்டத்தின் தேநீர் இடைவேளையில் நீ பெவிலியன் படியில் தடுக்கி விழுந்ததும், "படியிலயும் நோ-பாலாடா பார்னி, ஃப்ரீ ஹிட் யாருக்கு?" என்று கிட் கத்தியதும், மாடம் முழுக்கச் சிரித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. உன் அம்மா சிரிக்கவில்லை.

உடனே இங்கே உங்கள் கவுண்டி அணியின் பயிற்சியாளர் பியூவைத் தொலைபேசியில் அழைத்தேன். "மிஸ்டர் தாக்வெல், இது மாட்டுத் தொழுவம் இல்ல. முதுகு வலிக்காத வேகப்பந்து வீச்சாளர் எவனாவது இருந்தா கொண்டாங்க, மியூசியத்துல வைக்கலாம்" என்றார். பாதம் எழாததற்கும் முதுகுவலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னேன். அதற்குப் பிறகே உண்மை வந்தது. "ஆகஸ்ட்லயே ஸ்கேன் எடுத்தாச்சு. முதுகெலும்புல டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கு. ஊசி போட்டோம், ஆடினான். வீட்ல சொல்ல வேணாம்னு உங்க பையன்தான் கேட்டுக்கிட்டான். ஏப்ரல்ல சொந்த மைதானத்துல அவனுக்குக் கவுண்டித் தொப்பி குடுக்கறோம், நடுவுல பூந்து கெடுத்துடாதீங்க." நான் குரலை உயர்த்தவில்லை. என் கோபத்தின் அளவு அவருக்குத் தெரிந்திருக்காது. கவுண்டி கிளப் தலைவருக்கு நான் எழுதியிருப்பதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார். நரம்பு நசுங்கியவனுக்கு வலியை மட்டும் மரத்துப்போகச் செய்து, மறுபடி ஓடவிட்டுப் பந்து போடச் சொல்வதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் தொழிலில் ஒரு குதிரைக்கு அதைச் செய்தால் என் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள்.

உன்மேலும் கோபம்தான். ஆறு பருவம் பிறருக்குத் தண்ணீர் சுமந்து, இரண்டாம் அணியில் வெறும் இருக்கைகளுக்கு முன் பந்து வீசி, முதல் அணியில் நிலைத்த இடம் உண்டு என்று சொல்லும் அந்தத் தொப்பிக்காக நீ காத்திருந்ததை அறியாதவன் அல்ல நான். ஆனாலும் என் பயத்துக்கு முன்னால் அந்தக் கோபம் நிற்கவில்லை, பார்னபி. நகம் தேய்ந்த நாயைக் கொண்டுவருபவர்கள் "கொஞ்சம் சோம்பேறியாயிட்டான் டாக்டர், வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். பிறகு ஒரு காலையில் அதன் பின்னுடல் எழாது. நேரத்தில் வந்தவற்றை ஓடவைத்திருக்கிறேன். நேரம் கடந்து வந்தவை என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை நான் வீட்டில் சொன்னதில்லை. நேற்று முதல் அந்தப் பார்வை உன் முகத்தில் வருகிறது. கடிதத்தை வாங்க வந்து காத்திருக்கும் கிட்டிடம் இப்போது பூட்ஸைக் காட்டினேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான்தான் அங்கிள் முதல்ல சிரிச்சேன்" என்றான்.

ஆகவே இப்போதே செருப்பைக் கழற்று. சுவரைப் பிடிக்காமல், குதிகால்களால் மட்டும் கிட்டை நோக்கி நடந்து போ. இரண்டு பாதங்களின் முன்பகுதியும் ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். இடது எழவில்லை என்றால் சனிக்கிழமை ஆட்டம் இல்லை, இன்றே மருத்துவமனை. தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர் தடைப்பட்டாலோ அந்த நிமிஷமே. வெட்கப்படாதே. தொப்பி உனக்கு மைதானத்தின் நடுவில் தரப்படும். அந்த இடம்வரை நீ நடந்துபோக வேண்டும்.

அம்மாவின் முத்தங்களும் என் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. பூட்ஸ் விற்பனைக்குப் போகவில்லை. உன் மருத்துவர் கேட்டால் அனுப்புவேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம், நலம் என்றுதான் எழுதுவாய். கிட் எழுதட்டும்.

உன் அப்பா,
எட்மண்ட் தாக்வெல்