கண் திறக்காத பட்டாளத்தான்

சேலம், செவ்வாய்ப்பேட்டை
20-6-1977

சௌந்திரத்துக்கு அர்த்தநாரி எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன். நீயும் குழந்தை உண்ணாமலையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்குக் காது வலி விட்டதா?

லாரி டிரைவர் மாரியப்பன் வசம் மூட்டைகள் அனுப்பியிருக்கிறேன். புது அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பட்டாளத்தான் பொம்மை. கையும் காலும் திரும்பும். உள்ளே ரப்பர் கோத்திருக்கிறது, உண்ணாமலை இழுத்து அறுத்துவிடப் போகிறாள், பார்த்துக்கொள். நீ ஜேடர்பாளையம் போன பிறகும் வர்ணம் பூசுகிற வேலையை விடாமல் பார்ப்பது பெரிய ஒத்தாசை. உன்னோடு பூசுகிற பெண்களுக்கும் சொல். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் விற்பதற்காக மொத்த வியாபாரி வேலுசாமி கேட்டிருக்கிறார்.

தகராறு முகத்தில்தான். மூக்கும் காதும் அச்சிலேயே விழுந்துவிடும். கண்ணும் வாயும் உங்கள் பிரஷ்ஷில் இருக்கிறது. வேலுசாமி, "பட்டாளத்தான்னா பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கோணுங்க. பாத்தாப் பயம் வரோணும்" என்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. எந்நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவனுக்கு ஒரு குழந்தை எப்படிச் சோறூட்டும், எப்படித் தூங்க வைக்கும்? சண்டை முடிந்தாலும் அவன் கோபம் முடியாதே. கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு நேர்கோடு போடுங்கள். மீதியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.

சோறு குழைந்து போகிறது. மற்றபடி குறையில்லை.

அர்த்தநாரி


ஜேடர்பாளையம்
27-6-1977

அன்புள்ள மாமாவுக்கு, சௌந்திரம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

உண்ணாவுக்குக் காது வலி விட்டது. இப்போது வலி எங்கள் காதுக்குத்தான். விடிந்தால் பேச ஆரம்பிக்கிறாள், தூங்கினால்தான் ஓய்கிறாள். சோறு குழைந்தால் தண்ணீரைக் குறையுங்கள். இதைக்கூடக் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொம்மை விஷயத்தில் நான் வேலுசாமி பக்கமும் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை. பல்லைக் கடிக்க வேண்டாம். சிரிக்கட்டும், இல்லையென்றால் அழட்டும். முகம் என்று ஒன்று இருந்தால் அதில் ஏதாவது தெரிய வேண்டும். இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போட்டால் யார் முகம் வரும் தெரியுமா? உங்கள் முகம் வரும். அதைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சொல்லக் கூடாது என்று இருந்தேன், சொல்லிவிடுகிறேன். சித்திரையில் நம் பையனைப் புதைத்துவிட்டு வந்தீர்கள். பிறந்து ஒரு வாரம்கூட அவன் நம்மிடம் இருக்கவில்லை. நான் பாயில் கிடந்தேன். நீங்கள் கால் கழுவினீர்கள், என்னைப் பார்த்தீர்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாலிருக்கும் பட்டறைக்குப் போய், கழிவு பிளாஸ்டிக்கைத் தூளாக்குகிற அரவை மிஷினைப் போட்டுவிட்டீர்கள். பொழுது சாய்கிற வரைக்கும் அந்தச் சத்தம். பிள்ளை போன அன்றைக்கும் வேலையை விட முடியாத மனிதரோடு இனி எப்படி இருப்பது என்றுதான் இங்கே அம்மா வீட்டுக்கு வந்தேன்.

ஆடிப் பதினெட்டு கழிந்ததும் வண்டி கொண்டுபோய் என் சீர்ப் பாத்திரங்களை ஏற்றி வந்துவிடுவதாக நாச்சிமுத்து அண்ணன் சொல்கிறார். பாத்திரம் திரும்பிப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். வேண்டாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சௌந்திரம்


சேலம்
4-7-1977

சௌந்திரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. முகத்தை உன் இஷ்டப்படி பூசு. வேலுசாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தண்ணீரைக் குறைத்தேன். இப்போது சோறு அரிசியாகவே இருக்கிறது.

பாத்திரம் பற்றிக் கேட்டிருக்கிறாய். பித்தளை எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறேன். மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அர்த்தநாரி


ஜேடர்பாளையம்
29-7-1977

மாமாவுக்கு,

துலக்கி வைத்திருக்கிறேன் என்று எழுதினீர்கள். கொண்டுபோகலாம் என்று அர்த்தமா, வந்து புழங்கு என்று அர்த்தமா? அண்ணன் முதலாவது என்கிறார். நான் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அதனால்தான் பதில் போடவில்லை.

இப்போது எழுதுவது வேறு காரியம். ஒரு தப்பு நடந்துவிட்டது. உண்ணாவுக்குக் காய்ச்சல் வந்து நாமக்கல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். பயப்பட வேண்டாம், இப்போது நன்றாக இருக்கிறாள். நான் இல்லாதபோது வேலையைக் குஞ்சம்மாளிடம் ஒப்படைத்திருந்தேன். கோயிலுக்கு மண்ணில் வீரனும் குதிரையும் செய்து கொடுக்கிற குடும்பத்துப் பெண் அவள். கை சுத்தம். தொப்பி, சட்டை, பூட்ஸ், பெல்ட் எல்லாம் அச்சுப் பிசகாமல் பூசியிருக்கிறாள். முகத்தை மட்டும் தொடவே இல்லை. தான் பூசாததோடு மற்றப் பெண்களையும் பூச விடவில்லை.

நான் திரும்பி வந்து கேட்டால், "கண்ணத் தொறக்கறது கடசீலதானுங்க அம்மிணி. ஆடிப் பதினெட்டன்னிக்கு ஆத்துல கும்புட்டுப் போட்டுத்தான் தொறக்கோணும். அதுக்கு முந்தித் தொறந்தா ஆகாதுங்க" என்கிறாள். கோயில் வீரனுக்கு உள்ள முறையைப் பிளாஸ்டிக் பட்டாளத்தானுக்கும் வைத்துவிட்டாள். அதற்குள் மாரியப்பன் லாரி வந்து, அண்ணன் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றி அனுப்பிவிட்டார். கண்ணும் இல்லாமல் வாயும் இல்லாமல் அத்தனையும் வேலுசாமி கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. உங்கள் மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கும். ஆனால் உங்கள் தொழில் என் கையால் கெட்டது என்று இருக்கக் கூடாது.

சௌந்திரம்


ஜேடர்பாளையம்
4-8-1977

அன்புள்ள மாமாவுக்கு,

முதலில் நல்ல சேதி. உங்கள் பட்டாளத்தான் தப்பித்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு அணைக்கட்டுப் பக்கம் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வேலுசாமி ஆள் கடை போட்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "மூஞ்சி இல்லாத பொம்மைய எவன் வாங்குவான்னு மொதலாளி காலைல என்னையத்தான் கத்துனாருங்க" என்று சிரித்தான். மத்தியானத்துக்குள் கடை காலி. பக்கத்துக் கடையில் பல்லைக் கடிக்கிற வெளியூர் பொம்மை அப்படியே கிடந்தது. மணலில் உட்கார்ந்து குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு பையன் பட்டாளத்தானுக்குக் காய்ச்சல் என்று ஈரத்துணி போட்டான். ஒரு சின்னப் பெண் தன் பட்டாளத்தானின் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டு, அவன் காப்பரிசி கேட்டு அடம் பிடிப்பதாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குஞ்சம்மாள் கையை வாங்கி என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இனிமேல் சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள். நேற்று உண்ணா தனக்கு வாங்கிய பட்டாளத்தானைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, முன்னால் ஒரு தீப்பெட்டியை வைத்தாள். வாயால் "ர்ர்ர்" என்று சத்தம் போட்டாள். பொம்மையின் இரண்டு கையையும் தூக்கி முகத்தில் வைத்தாள். என்ன விளையாட்டு சாமி என்று கேட்டேன்.

"இவிங்க தம்பிப் பாப்பாவுக்கு அழுவுறாங்க. மிசினு போட்டுக்கிட்டு அழுவுறாங்க."

"இதுக்குக் கண்ணே இல்லையே, எப்படி அழுவும்?"

"அப்பா அழுதாங்கல்ல, அப்பிடித்தான். நான் கதவுக்குப் பின்னால நின்னு பாத்தேன்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேக்கலையே" என்றாள். பல்லைக் கடிக்கிற பொம்மையாக இருந்திருந்தால் அவள் அதை வைத்துச் சுட்டு விளையாடியிருப்பாள். எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

குழந்தை சொன்னது நிஜமா, மாமா? சொல்லத் தெரியாவிட்டால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அண்ணன் வண்டி பேசிவிட்டார். நான்தான் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சௌந்திரம்


சேலம்
7-8-1977

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நிஜம்தான்.

அன்று அரைக்க ஒன்றுமே இல்லை. முந்தின நாளே எல்லாம் அரைத்தாகிவிட்டது. வெறும் மிஷினைத்தான் ஓட்டினேன். சுவர் ஒற்றைச் செங்கல், நீ பச்சை உடம்பு. நான் அழுவது கேட்டால் நீ தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். அந்தச் சத்தமே உனக்கு அப்படிக் கேட்கும் என்று தோன்றவில்லை.

உண்ணாமலை நின்றது எனக்குத் தெரியாது. பயந்தாளா?

பாத்திரத்தைத் துலக்கியது நீ வந்து புழங்கத்தான். வேறு எதற்கு? இரண்டு கையும் புளியில் வெந்துவிட்டது.

வேலுசாமி நேரில் வந்தார். அடுத்த மூட்டையும் முகம் இல்லாமலே வேண்டுமாம். முதலிலேயே தான் இதைத்தான் சொன்னதாகச் சொல்கிறார்.

உன்
அர்த்தநாரி


ஜேடர்பாளையம்
10-8-1977

என் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வந்து, "பேசுன வண்டி பேசுனதுதான் அம்மிணி. பாத்திரம் ஏத்தி வாறதுக்குப் பதிலா உங்களைக் கொண்டுபோய் உடறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை உச்சிக்குள் வந்துவிடுவோம். ஆடி முடிவதற்குள் பெண்ணை அனுப்பக் கூடாது என்று அம்மா முனகுகிறாள். ஆவணி வரைக்கும் பொறுத்திருக்க என்னால் ஆகாது.

உண்ணா பயப்படவில்லை. அந்தப் பட்டாளத்தானை நேற்றுச் சிரிக்க வைத்துவிட்டாள். என் கண்ணுக்கும் சிரிப்பதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் ஒரேயடியாக மொட்டை முகமாகப் போட வேலுசாமிக்குச் சம்மதிக்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு புள்ளியும் ஒரு கோடும் இருக்கட்டும். அந்த முகத்தைப் படிக்க இப்போது எனக்குக் கொஞ்சம் வருகிறது.

வருகிற அன்று சோறு நான் ஆக்குகிறேன், அடுப்புப் பக்கம் போக வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். உண்ணா தூங்கிய பிறகு அந்த அரவை மிஷினை வெறுமனே கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். இந்தத் தடவை நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

உங்கள்
சௌந்திரம்