சவாரிக்குக் கூப்பிட்ட வாரம்

திங்கள்
விடியலில் மழை. ஃபேக்டரி பஸ் தாமதம். பத்து பெரண்டாம் ஊரிலுள்ள ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் செருப்பெல்லாம் சேறு.

மீட்டிங்கில் புது மேனேஜர், வெள்ளைக்காரர், என்னைப் பார்த்து: "ஹோல்ட் யுவர் ஹார்ஸஸ், சரோஜா." எதையோ பிடிக்கச் சொல்கிறார் என்று ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டில் போனில் தேடினேன். குதிரை பாயாமல் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதாம். அதாவது, பொறு. பொறு என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

வாங்க வேண்டியது: துணி சோப்பு, இஞ்சி, பல்பு.

செவ்வாய்
வெயில். இன்று போனில் தேடியது 'ஹை ஹார்ஸ்'. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் உயரமான குதிரையில் வருவார்களாம். அண்ணாந்து பார்க்க வேண்டும். அதனால் கர்வம்.

அடுத்தது 'டேக் ஃபார் எ ரைடு'. அமெரிக்க ரௌடிகள் வேண்டாதவனைக் காரில் ஏற்றிப் போவார்களாம், அவன் திரும்ப மாட்டானாம். இப்போது, ஏமாற்றுவது. நாமும்தான் அடுத்தவன் முதுகில் சவாரி செய்வது என்கிறோம்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்காரர் இறந்த பிறகு இங்கே கேட்க ஆள் இல்லை. பூனைக்கு மீன் வால் போட்டேன். தின்றுவிட்டு அதுவும் போய்விட்டது.

புதன்
ஸ்டோர் ராமையாவிடமிருந்து வாட்ஸ்அப். மனைவியை இழந்தவர். ஆபீஸில் எல்லாருக்கும் நான் அக்கா. அவர் மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

"சண்டே ஃப்ரீயா? ஐ டேக் யூ ஃபார் எ ரைடு லா. மோட்டார் சைக்கிள்ல, புலாவ் செபாங் பக்கம்."

நேற்றுப் படித்தது ஞாபகம் வந்து சிரிப்பு தாங்கவில்லை. "ஏமாத்த வேற ஆளப் பாருங்க" என்று அனுப்பினேன். கிண்டல்தான். சிரிக்கிற முகம் போட மறந்துவிட்டேன்.

நீலக் குறி இரண்டு, படித்துவிட்டார். பிறகு: "சோரிங்க. இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று எழுதினேன். அழித்தேன். இந்த வயதில் இதை எப்படி விளக்குவது? ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவர் கூப்பிடுவது எனக்குக் குதிரைக்கொம்பு. அதையும் கெடுத்துக்கொண்டேன்.

வியாழன்
கேன்டீனில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எனக்கு ரொட்டி சானாய் இறங்கவில்லை. பின் மேசையில் கிளீனர் லெட்சுமி யாரிடமோ:

"ராமையா அண்ணே புது ஹெல்மெட் வாங்கியிருக்காரு, பொம்பள சைஸு. யாருக்குண்ணேன்னு கேட்டா, இனிமே யாருக்கும் இல்ல லாங்கிறாரு."

பழகிவிட்டது, பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்கிறேன். பழகவில்லை. தனியாக இருக்கிறேன்.

பல்பு வாங்க மறந்தேன்.

வெள்ளி
மந்தாரம். 'பேக் இன் தி சாடில்'. குதிரையிலிருந்து விழுந்தவர் எழுந்து மறுபடி சேணத்தில் ஏறுவது.

வேலை முடிந்து பஸ்ஸுக்குப் போகவில்லை. மோட்டார் நிறுத்துமிடம். அவருடைய பழைய மோட்டார். கைப்பிடியில் அந்த ஹெல்மெட், அதன் கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல்.

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். "அக்கா, வரலையா?"

"நீ போ லா."

பஸ் போய்விட்டது. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். அளவு சரி. அவர் ஸ்டோரைப் பூட்டிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றபோதும் கழற்றவில்லை.