கன்னி மூலைத் தூம்பு

ஆகஸ்ட் 17, 2025, ஞாயிறு

நேற்றைய மழை இன்னும் தோட்டத்தில் நிற்கிறது. தோட்டம் என்று பெயர்தான். வீட்டுக்குப் பின்னால் மதில் போட்ட காலி இடம், ஒரு முருங்கை மரம், ஒரு துவைக்கிற கல். அடியில் களிமண். கடலோரம் பொம்மையார்பாளையத்தில் நான் பிறந்த வீட்டு வாசலில் ஒரு அண்டா தண்ணீரைக் கவிழ்த்தாலும் திரும்பிப் பார்ப்பதற்குள் மணல் குடித்துவிடும். மாமனார் வீடு இருக்கும் இந்த ஒலக்கூர் பக்கத்து மண்ணுக்குத் தாகமே கிடையாது.

இந்தச் சேற்றில்தான் ரூம் கட்டப்போகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு. ஹாலோ பிளாக் சுவர், மேலே ஷீட். கொத்தனார் வேண்டாம், நானே. வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்க ஒரு இடம். ஆறு வருஷமாக இந்த வீட்டில் என்னுடையது என்று இருப்பது கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ரெண்டு சாக்கு டூல்ஸ் மட்டும்.

மாமாவிடம் கேட்டேன். (என் மாமனாரிடம் ஒரு ஆணி அடிக்கவும் கேட்க வேண்டும்.) "கட்டிக்கங்க மாப்ள, நம்ம எடம்தானே. அந்தக் கன்னி மூலையில மட்டும் கை வெக்காதீங்க" என்றார். கன்னி மூலை என்பது தென்மேற்கு. அங்கே மாட்டுக்குப் போட வைத்திருக்கும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடி வைக்கோல் போர் மாதிரி குவிந்து கிடக்கிறது. அங்கே எனக்கு என்ன வேலை?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மனைவி அஸ்வினியோடு பேசி ஒரு முடிவு. அவள் திண்டிவனத்தில் நர்ஸ், வேலையை விட்டு என்னோடு எங்கள் ஊருக்கு வர முடியாது. எனக்கு அங்கே கெஸ்ட் ஹவுஸில் பழைய மெயின்டனன்ஸ் வேலை காத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் சின்னதுரை அண்ணன் மாசம் ஒரு தடவை போன் போட்டுக் கூப்பிடுகிறார். பொங்கலுக்குள் ரூம் எழும்பி நான் இங்கேயே தொழில் தொடங்கினால் சரி. இல்லாவிட்டால் நான் அங்கே, அவள் இங்கே.

"அப்புறம் கல்யாணம் எதுக்குப் பண்ணிக்கினோம்?" என்று கேட்டாள். விரும்பிக் கட்டிக்கொண்டோம். மாமா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், மாப்பிள்ளை இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று. அப்போது அது நிபந்தனையாகவே தெரியவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

இன்றும் ரைஸ் மில்லில் ஒருத்தர் என்னை "தெய்வசிகாமணி வூட்டு மாப்ள" என்றார். ரஞ்சித் என்று ஒரு பெயர் இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரெண்டு டிராக்டர் மணல் இறக்கிப் பரப்பிவிட்டேன். ஒரு முழ உயரம். இனித் தண்ணீர் எங்கே நிற்கும், பார்க்கலாம். மாமா மதிலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "உங்க ஊரு மண்ணு வேற, இது வேற மாப்ள." எனக்கு மண்ணைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். கடலோரத்தில் பிறந்தவனுக்கு மணல் தெரியாதா?

அக்டோபர் 4, சனி

தெரியவில்லை.

மூன்று நாள் மழை. மணல் தண்ணீரைக் குடித்தது வாஸ்தவம். குடித்த தண்ணீர் போக வழியில்லை. அடியில் களிமண் தட்டு மாதிரி இருக்கிறது, மேலே என் மணல் சாம்பாரில் ஊறிய இட்லி. கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. எங்கள் ஊரில் மணலுக்கு அடியிலும் மணல். அந்த எண்ணத்திலேயே கொட்டிவிட்டேன். மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தலைதீபாவளி மாதிரியே ஏழாவது தீபாவளிக்கும் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அளவு எப்போதும் ஒரு சுற்று பெரிசு.

நவம்பர் 9, ஞாயிறு

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். நீளமான டியூபில் தண்ணீர் நிரப்பி, அஸ்வினி ஒரு முனையைப் பிடிக்க, நான் மறுமுனையோடு மூலை மூலையாக மட்டம் பார்த்தேன். தோட்டம் முழுக்க ஒரே பக்கம்தான் சாய்கிறது. கன்னி மூலை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடை. அப்படியானால் தண்ணீர் தானாகவே ஓடைக்குப் போயிருக்க வேண்டுமே?

மாமா வயலுக்குப் போயிருந்தார். கொடியை ஒதுக்கிப் பார்த்தேன். மதிலின் அடியில் ஒரு தூம்பு. நாலு இன்ச் பைப், வாய் முழுக்க சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறது. ஈரச் சிமென்டில் யாரோ குச்சியால் தேதி கிறுக்கியிருக்கிறார்கள். 12.6.19.

எங்கள் கல்யாணம் 2019 ஜூன் ஒன்பது.

நவம்பர் 10, திங்கள்

அத்தையிடம் கேட்டேன். பவுனு அத்தை பொய் சொல்லத் தெரியாதவர். முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"ராம்கி பூட்டான் இல்ல, அப்ப ஒரு வாஸ்துக்காரரு வந்து பாத்தாரு. கன்னி மூலையில தண்ணி வெளிய போற வூட்ல ஆம்பள தங்க மாட்டான்னு சொன்னாரு. அப்ப உங்க மாமா அத காதுலயே வாங்கல. நீங்க வந்த மூணாம் நாளு அவரே சிமென்ட் கலக்கி அடச்சாரு. நீங்களும் பூட்டா நாங்க இன்னா பண்றது?"

ராம்கி அஸ்வினியின் அண்ணன். வயல் விஷயத்தில் அப்பாவோடு ஏதோ வாய்த்தகராறு. துபாய்க்குப் போனவன் அம்மாவோடு பேசுவான், அப்பாவோடு இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆக, ஏழு மழைக்காலம் இந்தத் தோட்டம் நாறியது எனக்காக. கோபம் வருகிறது. என்னையே உள்ளே வைத்து அடைத்தது மாதிரிதானே? தண்ணீர் போகாவிட்டால் மனுஷன் போகமாட்டானா? அதே சமயம் அந்த மனுஷர் குத்துக்காலிட்டு சிமென்ட் பூசியதை நினைத்தால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் பெரிய பேஜாரு.

மாலையில் மாமாவிடமே கேட்டேன், உடைக்கலாமா என்று. "வேற வழி பாருங்க மாப்ள" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

வேறு வழி பார்த்தேன். வடகிழக்கே ஈசானிய மூலைக்கு ஒரு கால்வாய் வெட்டினேன். அந்தப் பக்கம் மேடு. சாஸ்திரத்துக்குப் பயந்து தண்ணீர் மேட்டில் ஏறுமா?

நவம்பர் 23, ஞாயிறு

கடைக்கால் எடுத்து வைத்திருந்தேன், ரெண்டு அடி ஆழம், நாலு பக்கமும். பத்து நாள் இடுப்பு ஒடிந்த வேலை. ராத்திரி மழையில் மண் சரிந்து மூடிக்கொண்டுவிட்டது. அடுக்கி வைத்த ஹாலோ பிளாக் ஒரு பக்கமாகச் சாய்ந்து சேற்றில் கிடக்கிறது.

சேற்றோடு உள்ளே வந்தேன். மாமா டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மழை விடட்டும் மாப்ள, இன்னா ஜல்தி" என்றார். அவ்வளவுதான், சொல்லிவிட்டேன் — "நான் போறேன்."

போறேன். இந்த ஊரில் கடைக்குப் போகிறவனும் வர்றேன் என்றுதான் சொல்வான். போறேன் என்று சொல்லி வீட்டை விட்டு இறங்குவது சாவுக்கு வந்தவர்கள் மட்டும். அத்தை கையிலிருந்த தோசைக்கரண்டி அப்படியே நின்றது. மாமா இலையை மடித்துவிட்டார், பாதி தோசை இருந்தது.

அஸ்வினி பிறகு சொன்னாள். "அண்ணனும் அதே வார்த்தைதான் சொல்லிச்சு. அதே எடத்துல நின்னுகினு."

எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லையே. இந்த வீட்டில் எதைத்தான் சொல்கிறார்கள். அஞ்சு சட்டை, மொத்தமும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். அவள் தடுக்கவில்லை, மடித்துக் கொடுத்தாள். அது இன்னும் மோசம். நாளை முதல் பஸ்.

நவம்பர் 24, திங்கள்

பஸ்ஸுக்குப் போகவில்லை.

விடியும்போது பின்பக்கம் சத்தம். மாமா கன்னி மூலையில் கடப்பாரையோடு. தூறலில் தலையில் துண்டு. கொடியெல்லாம் தள்ளிக் கிடந்தது. எழுபது வயசு ஆள், ஒரு குத்துக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினார். நான் போய்க் கடப்பாரையைக் கேட்டேன், தரவில்லை. சிமென்ட் ரெண்டு துண்டாக விழுந்தது. தண்ணீர் முதலில் யோசித்தது மாதிரி நின்றது, பிறகு குபுகுபுவென்று ஓடைக்கு இறங்கியது.

ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"போறதுன்னா போங்க மாப்ள. புடிச்சி வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன். வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க. பொய்யா இருந்தாலும் சரி."

கீழே கிடந்த சிமென்ட் துண்டுகளைப் பொறுக்கினேன். தேதி இருந்த துண்டை அவர் வாங்கிக்கொண்டு போனார், எங்கே வைத்தார் என்று தெரியாது.

டிசம்பர் 14, ஞாயிறு

மணலை வாரிவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் ஊற்றித் திமிசு போட்டு இறுக்கினேன். கால் பதியவில்லை. நாலு வரிசை ஹாலோ பிளாக் ஏறிவிட்டது. மாமா கலவை கலக்கித் தருகிறார், கூடவே குறையும் சொல்கிறார். மனுஷர் சிமென்ட் வேலையில் கைகாரர்தான். அந்த அடைப்பு ஆறு வருஷம் ஒரு சொட்டு விடவில்லையே.

ஜனவரி 19, 2026, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல். ரூம் பொங்கலுக்கு முந்தின நாள் முடிந்தது. ரெண்டு ஃபிரிட்ஜ், ஒரு மிக்ஸி வந்திருக்கின்றன. முக்கால்வாசி நேரம் உள்ளே இருப்பது மாமா, தரை காய்ந்திருக்கிறதாம், நாற்காலி போட்டுக்கொண்டு வந்தவர்களிடம் எல்லாம் ஊர்க்கதை. தனியாக இருக்கத்தான் கட்டினேன். வெளியே சொல்ல முடியுமா?

சின்னதுரை அண்ணன் கெஸ்ட் ஹவுஸில் ஏழு ஏசி சர்வீஸ் செய்யக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று நாள் வேலை. மூன்று நாள் என்று காலையிலிருந்து நாலு தடவை சொன்னேன். நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலும் வந்தது.

கிளம்பும்போது மாமா ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தார். "வர்றேன் மாமா" என்றேன். "ம்" என்றார். என் பையை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே ரெண்டு சட்டைதான். அது அவர் கண்ணில் படட்டும் என்றுதான் ஜிப்பை மூடாமல் வைத்திருந்தேன்.